ராஜா சீட்டு

சென்னியப்பன் அந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் பீரோவை வைப்பதுபோலச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்தார். நம் ஊரில் ஆளுயரத்துக்கு எது வந்தாலும் அதைச் சுவரில் சாத்தினால்தான் நமக்கு நிம்மதி. நடு அறையில் ஒரு பொருள் நின்றால் ஏதோ வீடு காலி செய்வதுபோல இருக்கும். அதுவும் பத்தடிக்கு ஒன்பதடி அறை. பெட்டியோடு வந்த குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வைக்கவும் என்று. குறிப்புப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள்? அது எங்கே போனதென்றே அவருக்குத் தெரியாது.

ஸ்பீக்கர் என்றால் டப்பா மாதிரி இருக்குமே, அது அல்ல. கதவுப் பலகை மாதிரி தட்டையாக, விரற்கடை கனத்தில், உள்ளே மெல்லிய ஜவ்வு ஒன்று இழுத்துக் கட்டியது. பாட்டுக் கேட்பதற்கு அவர் வாங்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்து வந்தது.

சரவணம்பட்டிக்கு அப்பால் அப்போது ஒற்றையர் குடியிருப்புகள் வரிசையாக எழும்பியிருந்தன. ஓர் ஆளுக்கு ஒரு வீடு. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு நாற்காலி, எல்லாம் அவர்களே போட்டுக் கொடுப்பார்கள். சாமான்கள் சுவரில் இருக்கும் சின்னக் கதவு வழியாக வந்துவிடும். ஒரு வீட்டுச் சத்தம் இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று சட்டமே இருந்தது. முதலில் ஆஹா ஓஹோ என்றார்கள். இரண்டு வருடம் கழித்து ஆட்கள் ஒவ்வொருவராகப் பேச்சு மறக்க ஆரம்பித்தார்கள். வாய் திறந்தால் வார்த்தை வராது. கரண்டியைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், பெயர் வராது. டாக்டர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்தார்கள். ஜனங்கள் வாய்ப்பூட்டு என்றார்கள்.

சென்னியப்பனுக்கு ஐம்பத்துநாலு வயது. கல்யாணம் கூடிவராமலே போனது. அதைப் பெரிய கதையாக அவர் யாரிடமும் சொன்னதில்லை, கேட்க ஆளும் இல்லை. ஊரெல்லாம் ஓடும் தண்ணீர் மீட்டர்களின் படங்கள் அவருடைய திரைக்கு வரும். எண் சரியா என்று பார்த்து அனுப்ப வேண்டும். வாயைத் திறக்காமலே மாதம் முழுக்கச் செய்யலாம். ஒரு நாள் தொலைபேசியில் தன் பெயரைச் சொல்ல வேண்டி வந்தபோது "சென்... சென்..." என்று நின்றுவிட்டார். அன்றைக்குத்தான் பயந்துபோய் டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு குடும்பத்தை எழுதிக் கொடுத்தார்.

குடும்பம் என்றால் பதிவு செய்த குடும்பம். எங்கோ ஒரு நிஜ வீட்டில் ஏழு நாள் நடந்த அத்தனை சத்தமும் அந்தப் பலகைகளிலிருந்து வரும். எட்டாம் நாள் மறுபடி முதல் நாள். அம்மா ஒருத்தி, பாப்பு என்று எட்டு வயதுப் பெண் ஒருத்தி. அப்பாவின் குரலை மட்டும் கம்பெனிக்காரர்கள் வெட்டி எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் நாம் உட்கார வேண்டும். அதற்குத்தான் நாற்காலி.

முதல் மாதம் அவருக்கு எரிச்சலாகத்தான் வந்தது. இரண்டாம் மாதம் பழகிவிட்டது. மூன்றாம் மாதத்திலிருந்து செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்காக அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார் என்றே சொல்லலாம்.

செவ்வாய் ஆறு மணிக்குப் பாப்பு ஏழாம் வாய்ப்பாடு சொல்லுவாள். அம்மா அடுப்படியில் இருப்பாள். குக்கர் விசில் அடிக்கும். "ஆறேழு நாப்பத்திரண்டு, ஏழேழு நாப்பத்தொம்போது, எட்டேழு..." அங்கே நின்றுவிடுவாள். "எட்டேழு... எட்டேழு..." என்று இழுப்பாள். அப்போது எங்கோ பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண்குரல், வயதான குரல், கொஞ்சம் கரகரப்பாக, "அம்பத்தாறு" என்று சொல்லும். பாப்பு உடனே, "ஒம்போதேழு அறுவத்திமூணு" என்று ஓடிவிடுவாள்.

அந்தக் குரல் யார் என்று அவருக்குத் தெரியாது. பாப்புவின் பெரியம்மாவாக இருக்கும் என்று தானாக வைத்துக்கொண்டார். வாரத்துக்கு அந்த ஒரே ஒரு வார்த்தைதான் அவள் பேசுவாள். ஆனால் அந்த வார்த்தையில் இருந்த ஈரம், அப்பப்பா, அம்மா பேசும் ஏழு நாள் பேச்சிலும் இல்லை. அது வரும்போது சென்னியப்பன் தன்னையறியாமல் நாற்காலியில் முன்னால் சாய்வார். பழைய நாற்காலி, கிறீச்சென்று கத்தும்.

இப்படி ஐந்து மாதம் போனது. பிறகு, பலகைகளுக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஆம்ப் பெட்டி படுத்துவிட்டது. பத்து நிமிடம் பாடும், சூடேறும், அணைந்துவிடும். கம்பெனிக்கு எழுதிப் போட்டார். ஒரு புதன்கிழமை நசீமா வந்தாள்.

நசீமாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் கருவிப் பை, கையில் அளவு டேப். நாளெல்லாம் வாய்ப்பூட்டு வீடுகளுக்குப் போய்ப் போய் எல்லாருக்கும் சேர்த்து அவளே பேசப் பழகியிருந்தாள். அறைக்குள் வந்ததும் தலையில் கை வைத்தாள்.

"ஏனுங்ணா, ஸ்பீக்கர இப்படியா வெப்பாங்க? துணி அடுக்கற பீரோன்னு நெனச்சீங்களா?"

சென்னியப்பன் சிரிக்க முயன்றார்.

"இதுல முன்னால எவ்வளவு சத்தம் போகுதோ, அவ்வளவும் பின்னாலயும் போகுமுங்ணா. சுவத்துல முட்டி, திரும்பி வந்து, முன்னால வர்ற சத்தத்தோட மல்லுக்கட்டும். மூணடி தள்ளி வெச்சாத்தான் மூச்சு விடும்."

பிறகு ஆம்பைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். "அடேயப்பா, தோசை சுடலாம். சாதா ஸ்பீக்கர் அரை வயித்தோட எந்திரிச்சுக்கும். இது இலைய வழிச்சுத் திங்கற சாதி. கீச்சுக் கீச்சுன்னு சன்னமான சத்தம் வர்றப்பத்தான் கரண்ட்டு ரொம்பக் கேக்கும். உங்க ஆம்ப்புல அவ்வளவு தெம்பு இல்ல. பெருசு வெச்சுத் தர்றேன்."

புது ஆம்ப் ஓர் அரிசி மூட்டை கனம் இருந்தது. இருவரும் சேர்ந்துதான் தூக்கினார்கள். அதற்குத் தனியாக ஒரு கரண்ட் லைன் இழுத்தாள். பலகைகளை மூன்றடி முன்னால் கொண்டுவந்து லேசாக உள்பக்கம் திருப்பினாள். அறை நடுவில் நின்று கை தட்டிக் காது கொடுத்தாள். ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து தடித்த பஞ்சுப் பலகைகளை எடுத்துப் பின்சுவர் முழுக்க ஒட்டினாள். தரையில் சிவப்பு டேப்பால் நாற்காலிக் கால்களுக்கு நாலு குறி போட்டாள்.

"இதுதான் ராஜா சீட்டு. ஒரு சாண் இந்தப் பக்கம் போனாலும் குடும்பம் கலைஞ்சு போயிரும். இந்த எடத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் சரியாக் கேக்கும். ரெண்டாவது ஆளுக்கு எடமில்லீங்ணா."

"ரெண்டாவது ஆளு யாரு வர்றா?" என்றார் சென்னியப்பன். அன்றைக்கு அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

நசீமாவின் முகம் ஒரு நொடி மாறியது. சமாளித்துக்கொண்டு, "நாற்காலி என்ன இந்தக் கத்துக் கத்துது" என்று அதன் மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனாள்.

சும்மா சொல்லக்கூடாது, சத்தம் பிரமாதமாக ஆகிவிட்டது. பாப்பு நடந்தால் எந்தக் காலில் கொலுசு தளர்ந்திருக்கிறது என்றுகூடத் தெரிந்தது. அம்மா பின்னாலிருந்து வந்து தோளுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. சென்னியப்பன் செவ்வாய்க்கிழமைக்காகத் தலைவாரிக்கொண்டார். உண்மை, தலைவாரிக்கொண்டார்.

ஆறு மணி. குக்கர் விசில். "ஏழேழு நாப்பத்தொம்போது. எட்டேழு... எட்டேழு..."

ஒன்றும் வரவில்லை.

பாப்பு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "ஒம்போதேழு அறுவத்திமூணு" என்று தாண்டிப் போய்விட்டாள். சென்னியப்பனுக்கு மாடிப்படியில் கடைசிப் படி இல்லாமல் காலை வைத்ததுபோல ஆகிவிட்டது. அந்த ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மறுநாள் கம்பெனிக்கு எழுதினார்: 'பெரியம்மாவின் குரலை நீக்கிவிட்டீர்கள். தயவுசெய்து திருப்பித் தரவும்.'

அடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணிக்கு நசீமா வந்தாள். கையில் இருந்த திரையைக் காட்டினாள்.

"இங்க பாருங்ணா. இந்தக் குடும்பத்துல மொத்தமே ரெண்டு குரல்தான். அம்மா, பாப்பு. பெரியம்மான்னு யாருமே இல்ல."

"இருந்தாங்க. அம்பத்தாறுன்னு சொல்லுவாங்க."

"நீங்களா நெனச்சுக்கிட்டிருப்பீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, தனியா இருந்தா அப்படித்தான்."

"நான் நெனச்சுக்கல." சென்னியப்பனுக்குக் குரல் உயர்ந்தது. கோபம் வந்து எத்தனை வருடம் ஆயிற்று! "எனக்குப் பாப்பு வேண்டாம், அம்மா வேண்டாம். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்க. அந்த ஒரு வார்த்தையக் குடுத்துட்டுப் போங்க."

நசீமா அவரையே பார்த்தாள். "பதில் சொல்ற குடும்பம்னு முன்னால ஒண்ணு வித்தோமுங்ணா. நம்ம பேசினா அதுவும் பேசும். ஜனங்க வெளிய வர்றதையே விட்டுட்டாங்க. ஒருத்தர் சொந்தத் தங்கச்சி வந்தப்பக் கதவத் தொறக்கல, உள்ள ஆளுங்க சாப்பிட்டுட்டு இருக்காங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அப்புறம்தான் தடை போட்டாங்க. அதான் இவங்க யாருக்கும் பதில் சொல்ல மாட்டாங்க. அந்தப் பாப்பு இப்ப காலேஜ் முடிக்கப் போறாளாம். அது பழைய சத்தமுங்ணா, அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டே பின்சுவருக்குப் போனாள். ஒரு பஞ்சுப் பலகையை உரித்துவிட்டுச் சுவரை விரல் முட்டியால் தட்டினாள். டொப்பென்று பொள்ளலாகக் கேட்டது. புருவம் சுருங்கியது. கடகடவென்று எல்லாப் பலகைகளையும் உரித்தாள்.

"காங்க்ரீட்டுன்னு கணக்கு காட்டிட்டு அட்டைய வெச்சு அடைச்சிருக்கானுக. பாவிங்க. அண்ணா, ஸ்பீக்கரப் பழையபடி சுவத்தோட ஒட்டி வைக்கலாம், ஒரு கை புடிங்க."

மணி ஆறானது. இருவரும் நின்றபடியே கேட்டார்கள். குக்கர் விசில் அடித்தது. "எட்டேழு... எட்டேழு..."

"அம்பத்தாறு."

நசீமா வாயில் விரலை வைத்து, அவர் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். தாழ்வாரத்தில் வந்துதான் மூச்சு விட்டாள்.

"அண்ணா, அது ரெக்கார்டு இல்லீங்க. அது ஆளு."

சென்னியப்பன் பக்கத்துக் கதவைப் பார்த்தார். 615. இத்தனை வருடமாகப் பார்க்காத கதவு. அதன் எண்ணைக்கூட அவர் இன்றைக்குத்தான் படிக்கிறார்.

"சுவத்துல ஒட்டி வெச்சதால உங்க ஸ்பீக்கரோட முதுகுச் சத்தம் அட்டைச் சுவத்த அதிர வெச்சு அந்தப் பக்கம் போயிருக்குது. அவங்க பாப்புவுக்குப் பதில் சொல்லியிருக்காங்க. நான்தான் பஞ்ச வெச்சு அடைச்சிட்டேன்." நசீமாவின் கண் கலங்கியிருந்தது. "ஆனா ஒண்ணு. சட்டப்படி இந்தச் சுவத்த நான் அடைக்கணும். அடுத்த புதன்கிழமைக்குள்ள பஞ்சு ஒட்டி, ஸ்பீக்கர், நாற்காலி எல்லாம் குறியில இருக்கற மாதிரி ஒரு போட்டோ நீங்க அனுப்பியாகணும். இல்லைனா வேற ஆளு வந்து சுவத்தையே கட்டிருவாங்க. அதுக்குள்ள என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க."

அவள் போய்விட்டாள். சென்னியப்பனுக்கு ஒரு வாரம் இருந்தது.

நீங்களோ நானோ என்றால் உடனே போய்க் கதவைத் தட்டியிருப்போம் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்வது சுலபம். அவர் என்ன செய்தார் தெரியுமா? திருடன் மாதிரி நடக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கம் ஒரு மனுஷி இருக்கிறாள், நம் இருமல், தும்மல், எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தாலே கூச்சம் பிடுங்கித் தின்றது. விரல் நுனியில் நடந்தார். நாற்காலியில் உட்காரவே இல்லை, கட்டில் ஓரத்தில் இருந்தார். குடும்பம் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கூச்சத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அந்த அம்மாள் இந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருக்கிறாள். ஒரு தாய், ஒரு குழந்தை. வாரா வாரம் குழந்தைக்கு ஒரு விடை எடுத்துக் கொடுக்கிறாள். அதுதான் அவளுக்கு இருக்கும் ஒட்டோ உறவோ என்னவோ. அங்கே போய், 'அம்மா, அது ஜவ்வில் வரும் சத்தம், இங்கே நான் ஒரு கிழட்டுத் தடியன் மட்டும்தான்' என்று எப்படிச் சொல்வது? அவரிடமிருந்து ஒரு பெரியம்மாவைப் பிடுங்கியபோது எப்படி இருந்ததென்று அவருக்குத் தெரியும். அவளிடமிருந்து இரண்டு பேரைப் பிடுங்க வேண்டும்.

யோசித்து யோசித்து ஒரு பொய்யைத் தயார் செய்தார். கண்ணாடி முன்னால் நின்று பழகினார். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் வார்த்தை வந்தது. செவ்வாய்க்கிழமை ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது சட்டையை மாற்றிக்கொண்டு 615-ஐத் தட்டினார்.

உள்ளே நெடுநேரம் சத்தமில்லை. பிறகு தாழ்ப்பாள் விலகியது. ஒடிசலான ஓர் அம்மாள், அறுபத்தைந்து வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தாள். துளசிமணி என்று கதவில் எழுதியிருந்தது. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் பக்கத்து வீடுங்க. சென்... சென்னியப்பன்." வந்துவிட்டது. மீதியை ஒரே மூச்சில் ஒப்பித்தார். "எங்க பாப்பு, அதாவது எங்க வீட்டுப் புள்ள, அம்மாவோட ஊருக்குப் போகுதுங்க. பள்ளிக்கூடமும் அங்கயே சேத்தாச்சு. இனிமே சத்தம் கேக்காதுங்க. நீங்க வாய்ப்பாடு சொல்லித் தந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்னு சொல்லச் சொன்னா."

துளசிமணி குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டாள். பிறகு நிதானமாக,

"அஞ்சு மாசமா எட்டேழுலயே நிக்கற புள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துலீங்க சேத்துக்கிட்டாங்க?" என்றாள்.

சென்னியப்பனுக்கு முகம் செத்துவிட்டது.

"செவ்வாய்க்கெழமையானா அதே குக்கரு, அதே மூணு விசிலு. நான் முப்பது வருஷம் பால் சொசைட்டியில கணக்கு எழுதுனவளுங்க. ரெண்டாவது வாரமே தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏனுங்க பதில் சொன்னீங்க? யாருக்கு?"

துளசிமணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொத நாளு வாய் தவறிச் சொல்லிட்டேன். சொன்ன ஒடனே ஒரு நாற்காலி கிறீச்சுன்னுது. யாரோ முன்னால சாஞ்சு கேக்கற மாதிரி. அடுத்த வாரம் வேணும்னே சொன்னேன். அப்பவும் கிறீச்சுன்னுது, ஆனா கொஞ்சம் வேற மாதிரி. அந்த வீட்டுச் சத்தத்துல எல்லாமே வாரா வாரம் ஒரே மாதிரி இருக்குமுங்க. அந்த ஒரு சத்தம் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேற. அதுக்குத்தான் சொன்னேன்."

சென்னியப்பன் தன்னையறியாமல் முன்னால் சாய்ந்தார்.

"அப்புறம் திடீர்னு ஒண்ணுமே கேக்கல. போன வாரம் புள்ள குரல் வந்துது, நானும் அம்பத்தாறுன்னு சொன்னேன். நாற்காலி சத்தம் வரல. ஒரு வாரமாக் காது கொடுத்துட்டே இருக்கறன். நடக்கற சத்தமில்ல, இருமற சத்தமில்ல. குடும்பம் மட்டும் ஓடிட்டே இருக்குது." அவள் குரல் உடைந்தது. "ஆளு போய்ச் சேந்துட்டாருன்னே நெனச்சுட்டேன். யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியல. பேரு தெரியாது, ஊரு தெரியாது. நேத்திக்கு அழுதேனுங்க."

தான் செத்தால் அழ ஓர் ஆள் இருக்கிறது என்று ஒரு மனிதனுக்கு ஐம்பத்துநாலு வயதில் தெரிய வருகிறது. அவர் என்ன பேசுவார்? வாய்ப்பூட்டு இல்லாதவனுக்கே பேச்சு வராது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எண்ணெய் போட்டுட்டாங்க," என்றார். "நாற்காலிக்கு."

துளசிமணி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "உள்ள வாங்க, காப்பி வெக்கறேன்" என்று திரும்பியவள் சட்டென்று நின்றாள். "அட, இருக்கறது ஒரே ஒரு நாற்காலியாச்சே. உங்களுத எடுத்துட்டு வாங்களே."

அவர் வீட்டுக்குள் போனபோது மணி ஆறு. குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. சிவப்புக் குறிகளுக்கு நடுவிலிருந்து நாற்காலியைத் தூக்கித் தோளில் வைத்தார். பாப்பு எட்டேழில் வந்து நின்றாள். சுவர் பதில் சொல்லவில்லை; பதில் சொல்கிறவள் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்பத்தாறு, கண்ணு" என்று சென்னியப்பன் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

புதன்கிழமை காலையில் அவரே பஞ்சுப் பலகைகளை ஒட்டினார். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து அளந்து மூன்றடி தள்ளி வைத்தார். அச்சுப் பிசகாமல் எல்லாம் புத்தகத்தில் சொன்னபடி. போட்டோ எடுத்து அனுப்பினார். அரை மணி நேரத்தில் நசீமா கூப்பிட்டாள்.

"அண்ணா, எல்லாம் சரியா இருக்குது. ஆனா குறியில நாற்காலியக் காணோமே? அதில்லாம மேல அனுப்ப முடியாதுங்ணா. எங்க வெச்சீங்க?"

"பக்கத்து வீட்ல இருக்குது" என்றார் சென்னியப்பன்.